எம்.பி.யிடம் மனு கொடுக்கக் கையெழுத்து வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. 2021 அக்டோபர் 1 அன்று இதுபோன்ற தொழிற்சாலைகளை நடத்திவந்த மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை 7 அரசு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஊழியர்களுக்கு அயல்பணி (டெபுடேஷன்) என்றார்கள், அதாவது மத்திய அரசு ஊழியராகவே இருந்துகொண்டு தற்காலிகமாகக் கம்பெனியில் வேலை. முதலில் 2 வருடம், அப்புறம் நீட்டிப்பு. அந்த ஆணைகளை ரேஷன் கார்டு கவரிலேயே வைத்திருக்கிறார். எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது.

ஓய்வு பெறும்வரை மத்திய அரசு ஊழியர்தான் என்று எழுத்தில் உறுதி வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

நீலகிரி எம்.பி.யிடம் கொடுக்க மனு தயாராகிறது. ஊட்டி, குன்னூர், கூடலூர் மட்டுமில்லை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் இதே தொகுதிதான். மலைக்குக் கீழே இந்த ஊர்களில் இருப்பவர்கள் தெருவில் பத்துக் கையெழுத்தாவது வாங்கித் தர முடியுமா? சர்வீஸ் விதிகள் தெரிந்த யாராவது வரைவை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கள், ப்ளீஸ்.