ஓடும் ரயிலில் ஊசி கோத்தவர்கள்

கும்பகோணத்திலிருந்து

மகளுக்கு இரண்டாவது பிரசவம், டில்லியில். முதல் பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வந்தோம். இந்த முறை பேத்திக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்ததால் நான் கிளம்பிப் போனேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் பகல் முழுவதும் ஓடி, அதற்கடுத்த நாள் காலையில் டில்லியைச் சேர்கிறது. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு முழுப் பகலை நம்பித்தான் நான் தையல் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் எனக்கு அப்படி ஒரு பகல் கிடைத்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

பையில் ஆறு ஜப்லாக்கள் இருந்தன. என் கணவரின் பழைய வேட்டியில் வெட்டித் தைத்தவை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும், பத்து வருடம் துவைத்த வேட்டிதான் உடம்புக்கு இதம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கழுத்தைச் சுற்றி வாத்தும் பூவும் போடுவது மட்டும் பாக்கி.

பூத்தையலுக்கான ஆங்கர் நூலில் நான்கு நிறங்கள் எடுத்துக்கொண்டேன். வீட்டிலேயே ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, ஆறு இழைகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து, அட்டையில் சுற்றி வைத்திருந்தேன். இதை மட்டும் யாரும் ரயிலில் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஜன்னல் காற்றில் இழை பிரித்தால் மடியெல்லாம் சிக்குதான் மிஞ்சும். கத்தரிக்கோலுக்குப் பதில் ஒரு நகவெட்டி. துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் 4 அங்குலம். அதற்கு மேல் பெரியதை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும்.

முதல் இரவே ஒரு தவறு செய்தேன். தூக்கம் வரும்வரை நாலு தையல் போடலாம் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், கண் செருகியதும் ஊசியைப் போர்வையில் குத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் இரண்டு ஊசிகளில் ஒன்றைக் காணவில்லை. எதிர் இருக்கையில் ஓர் இளம் தம்பதி, தவழ்கிற வயதில் ஒரு குழந்தை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மறைக்காமல் உடனே சொன்னேன். அந்தப் பெண் குழந்தையை மேல் படுக்கைக்குத் தூக்கிக் கொடுத்தாள். அவள் கணவர் கைபேசி வெளிச்சத்தில் இருக்கை இடுக்குகளையெல்லாம் பார்த்தார். நான் தரையில் மண்டியிட்டுத் தடவினேன். கடைசியில் என் போர்வை மடிப்பிலேயே அது இருந்தது. அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அன்றிலிருந்து, கோக்காத ஊசியை நான் வெளியே எடுப்பதில்லை. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் வால்போலத் தொங்க வேண்டும். பையின் அடியில் ஒரு சிறிய காந்தம். எடுக்கும்போது ஓர் எண்ணிக்கை, வைக்கும்போது ஓர் எண்ணிக்கை.

இனி, நான் எழுத வந்த விஷயம். வாரங்கல்லில் ஒரு லம்பாடிப் பாட்டி பேரனுடன் ஏறினார். கண்ணாடி பதித்த ரவிக்கை, முழங்கைக்கு மேலும் ஏறிய வெள்ளை வளையல்கள். எனக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும். அவருக்கும் தெலுங்கு வெளிப்பேச்சுதான். பேரனிடம் வேறு பாஷையில் பேசினார். சற்று நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஜப்லாவைக் கேட்டு வாங்கினார். வாத்தைப் பார்க்கவில்லை, பூவைப் பார்க்கவில்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரிடத்தில் நகத்தால் தட்டினார். வாத்தின் வாலிலிருந்து பூவுக்கு நூலை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பின்னால் அது தொங்கு பாலம்போலக் கிடந்தது. பிறகு தன் சுண்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்து அந்த நூலில் மாட்டிக் காட்டினார். குழந்தையின் விரல்! நாற்பது வருடமாகத் தைக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. ஆறு ஜப்லாவிலும் அந்த நூலை வெட்டிவிட்டு மறுபடி முடிந்தேன்.

ராமகுண்டம் தாண்டியதும் கோதாவரிப் பாலம் வந்தது. பெட்டியில் பலர் எழுந்து காசு போட்டுக் கும்பிட்டார்கள். நானும் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் காசை வாங்கிக்கொண்டார். வேண்டாத துண்டுத்துணி ஒன்று தரச்சொல்லி அதன் நடுவில் காசை வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு நூல்களை ஓட்டினார். சன்னல் கம்பிபோல ஒரு சட்டம் விழுந்தது. அப்புறம் ஊசியை அந்தக் கம்பிகளுக்குள் விட்டு, வெளியே இழுத்து, துணியில் ஒரு குத்து. மறுபடி கம்பி, மறுபடி துணி. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுக்கம்பிகள் விளிம்புக்கு ஒதுங்கின. காசின் முகம் திறந்துகொண்டே வந்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் இரண்டு முறை காசு நழுவியது, அவர் பதறவில்லை. ரவிக்கையில் கண்ணாடி நிற்பது இப்படித்தான், பசை கிடையாது, துளை கிடையாது, நூலின் பிடி மட்டும்தான். புத்தகத்தில் படம் பார்த்து நான் பலமுறை முயன்று தோற்ற தையல் இது.

பல்லார்ஷாவில் இறங்கிவிட்டார். பெயர் கேட்கவில்லை. அதன்பின் நாக்பூர், போபால் எல்லாம் வந்து போயின, சொல்ல ஒன்றுமில்லை.

உங்களுக்கும் இப்படி யாராவது எதிரில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து

நான் ஆண். இதைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம், ரயிலில் என் கையில் ஊசியைப் பார்த்தவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

கொல்கத்தாவில் வேலை. வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. சிறிய பொருள்களைப் பிடித்துப் பழகச் சொன்னார்கள். என் மனைவி ஒரு பழைய துணியையும் ஊசியையும் கொடுத்து, கோடு போட்டுத் தந்து, அதன் மேலேயே தைக்கச் சொன்னாள். விடுப்பில் ஊருக்கு வரும்போதும் அதை எடுத்து வந்தேன். நள்ளிரவை ஒட்டி ஹவுராவிலிருந்து புறப்படும் சென்னை மெயில். காலையில் ஒடிசா. பாலுகாவ் தாண்டி சிலிகா ஏரி ஜன்னலோரம் வந்தபோது நான் கோணல்மாணலாக மூன்றாவது கோட்டில் இருந்தேன்.

எதிரில் இருந்த வங்காள அம்மா, ‘தாதா’ என்று கூப்பிட்டார். அங்கே அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. வயதான தாயாரை வேலூருக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் காட்பாடி நிலையத்தில் தினமும் அப்படி இறங்குபவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வந்தது அன்றுதான். அவர் பையில் காந்தா இருந்தது. பழைய சேலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டு இணைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருக்க வேண்டிய நாட்களுக்காக அதைக் கொண்டுவந்திருந்தார்.

அவர் எனக்குச் சொன்னது இதுதான்: ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுக்காதே, ஊசியை நிறுத்திவைத்துத் துணியை அதன்மேல் மடித்து மடித்து ஏற்று, நான்கைந்து தையல் சேர்ந்ததும் ஒரே இழுப்பு. அப்படிச் செய்தபோது வண்டியின் ஆட்டம் எனக்கு எதிரியாக இல்லை. விரல் வலியும் குறைந்தது. ரயிலுக்கு ஏற்றது ஓட்டுத்தையல்தான் என்று நான் நினைக்கிறேன். எந்த இடத்திலும் நிறுத்தலாம், டீ வந்தால் வைக்கலாம், கட்டம் எண்ண வேண்டியதில்லை.

விசாகப்பட்டினத்தில் எஞ்சின் மறுமுனைக்குப் போய், வண்டி வந்த பக்கமாகவே புறப்படுகிறது. அதனால் பக்கம் மாறிய எங்கள் ஜன்னலில் மாலை வெயில் விழுந்தது. அவருடைய தாயார் எழுந்து உட்கார்ந்து, மகள் தைத்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். கண் அவ்வளவாகத் தெரியாதாம். ஓரிடத்தில் விரல் நின்றது. மகள் அந்த இடத்தைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பயணங்கள் உங்களுடையவைபோல நீண்டவை அல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு பகல்பொழுது. ஆனால் என் அம்மா அந்தப் பகலுக்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 1990-இல் வடக்குப் புகையிரதப் பாதை நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டையில் ஏறினேன். குமரியாக இருந்த காலத்தில் அந்தப் புகையிரதத்தில் குரோசே பின்னிக்கொண்டு போவாராம். அன்றைக்கும் வெள்ளை நூலும் கொக்கி ஊசியும் கைப்பையில் வைத்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை.

எதிரே, தெற்கில் உள்ள காலி நகரப் பக்கத்திலிருந்து நயினாதீவுக்கு யாத்திரை போகும் ஒரு சிங்கள அம்மா. அவர்கள் ஊர்க் கரையோரத்தில் பீரலு என்ற பின்னல் உண்டு. தலையணைபோன்ற ஒன்றில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதைப் பின்னுகிறவர் அவர் என்று கூட வந்த அவருடைய மகள் சொன்னாள். இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு மிகக் குறைவு. அம்மா பின்னும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுவார். கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்து ‘எக, தெக, துன’ என்று கேட்டது. அம்மா ஒரு கண்ணியைத் தவறவிட்டபோது எதிரே எண்ணிக்கை நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிரித்தார். இருவரும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

வவுனியா தாண்டிய பிறகு அம்மா பின்னவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, மடியில் கிடந்த நூல்பந்தை எடுத்து, தளர்ந்த நூலைச் சுற்றி, அம்மாவின் கைப்பைக்குள் வைத்தார்.

நாகர்கோவிலிலிருந்து

பீரலு பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தலையணையும் குண்டூசியும் நூல்கட்டையும் எங்கள் ஆச்சி வீட்டில் இருந்தன! இங்கே அதற்கு லேஸ் என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டு கரையிலும் ஒரே கைவேலை இருந்திருக்கிறது, எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆச்சியால் அதை ரயிலில் கொண்டுபோக முடியாது. கட்டைகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்ளும். மும்பையில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது கைக்குட்டை ஓரம் மட்டும் குரோஷாவில் பின்னிக்கொண்டு போவார். கும்பகோணம் அக்கா, அந்த ஒரு ரூபாயை என்ன செய்தீர்கள்? ஜப்லாவில் வைத்தீர்களா?

கும்பகோணத்திலிருந்து

இல்லை அம்மா. குழந்தை வாயில் வைத்துவிடும் என்று ஜப்லாவில் வைக்கவில்லை. அந்தத் துண்டுத்துணியை அப்படியே மடித்து என் ஊசிப்பையின் மூடியாகத் தைத்துவிட்டேன். பேத்தி அதைப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். டில்லியில் கண்ணாடிச் சில்லு வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில் நின்றது. அவளுடையதிலும் பின்பக்கத்தைத் திருப்பித்தான் முதலில் பார்த்தேன்.

காட்பாடித் தம்பி சொன்ன ஓட்டுத்தையலை நான் இதுவரை பெரிதாக எண்ணியதில்லை. புடவை ஓரம் அடிக்க உதவும் என்பதோடு சரி. துணியை ஊசிமேல் ஏற்றுவதை நேற்று இரவு செய்து பார்த்தேன், கை பழகவில்லை, ஆனால் வரும். தை மாதம் மறுபடி டில்லி போகிறேன். இரண்டு பழைய வேட்டிகளைத் துவைத்து, கஞ்சி போடாமல் மடித்து வைத்திருக்கிறேன். கரையிலிருந்து நூல் உருவ முடிகிறதா என்று பார்த்தேன். பச்சைக்கரை அறுந்து அறுந்து வருகிறது. மயில்கண் கரையில் ஒரு முழம் முழுதாக வந்தது.