பழைய பொய்லரை மாற்ற வேண்டும், வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் (ரொறன்ரோ)

பழையவீடு:
எல்லோருக்கும் வணக்கம். ஈஸ்ற் யோர்க்கில் 1930களில் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் வீடு எங்களுடையது. ஒவ்வொரு அறையிலும் வார்ப்பிரும்பு றேடியேற்றர். பேஸ்மென்ற்றில் ஒரு பழைய காஸ் பொய்லர், தகட்டில் 150,000 பி.டி.யு (மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்கிற அளவு) என்று போட்டிருக்கிறது. ஓடுகிறதுதான். ஆனால் ஐந்து நிமிடம் எரியும், நிற்கும், திரும்ப எரியும். மேல்மாடிப் பின்னறை றேடியேற்றர் பாதிக்கு மேல் சூடாவதே இல்லை. பொய்லர் நல்லாகச் சூடேறும்போது மட்டும் பக்கத்துக் குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிறது. போன ஜனவரி காஸ் பில்லில் 700 கன மீற்றர் காட்டியது.

விலை கேட்டு ஆட்களைக் கூப்பிட்டோம். ஒருவர் 150,000 பி.டி.யு கொம்பி பொய்லர் போடுங்கள், சுடுதண்ணீரும் அதிலேயே வரும் என்றார். இன்னொருவர் றேடியேற்றர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு டக்ற் (காற்றுக் குழாய்) அடித்து, சூடான காற்றை ஊதுகிற ஃபேர்னஸ் வைக்கச் சொல்கிறார். கடைசியாக வந்தவர் கையில் காசே வேண்டாம், மாத வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். ஒருவரும் வீட்டை அளக்கவில்லை, யன்னலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. என்ன அளவு எடுப்பது? றேடியேற்றர்களை வைத்திருக்கலாமா? பேசாமல் வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கிற ஹீற் பம்ப்புக்கு மாறுவதா? அந்தத் தண்ணீர் சொட்டுவது ஆபத்தா? பெரிய குளிர் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

செப்புக்குழாய்:
நான் காஸ் வேலை செய்கிறவன், லைசென்ஸ் இருக்கிறது. முதலில் சொட்டுவதைப் பார்ப்போம், ஏனென்றால் பொய்லர் செத்துவிட்டது என்று உங்களைப் பயமுறுத்தி விற்க அதுதான் பயன்படப் போகிறது. பேஸ்மென்ற் சீலிங்கில், மரச் சட்டங்களுக்கு நடுவே ஒரு இரும்பு உருளை தொங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீர் சூடானால் விரியும். அந்த உருளையில் பாதிக்காவது காற்று இருந்தால்தான் விரிவதற்கு இடம் கிடைக்கும். வருடக்கணக்கில் காற்று கரைந்து போய் உருளை முழுக்கத் தண்ணீராகிவிட்டால், அழுத்தம் 30 பி.எஸ்.ஐ வரைக்கும் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டும். பொய்லர் ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் அழுத்தமானி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். வால்வு சொட்டுகிறதே என்று அதன் வாயை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.

மேல்மாடி றேடியேற்றரில் சின்னச் சாவி போடுகிற ஒரு துவாரம் இருக்கும். பம்ப் நிற்கும்போது அதைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் வரும்வரை விடுங்கள். இன்னொன்று: பேஸ்மென்ற் குழாய்கள் சரியான மொத்தமாக இருக்கின்றனவா?

பழையவீடு:
உருளை இருக்கிறது! தட்டிப் பார்த்தேன், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஒரே சத்தம். ஆறியிருக்கும்போது 12, சூடேறினால் 30க்குப் பக்கத்தில் போகிறது. பின்னறை றேடியேற்றரிலிருந்து காற்று நிறையப் போனது. இப்போது முன்பைவிட நல்லம், ஆனால் கீழ்மாடி அளவுக்குச் சூடில்லை. குழாய்கள் என் மணிக்கட்டை விட மொத்தம்.

செப்புக்குழாய்:
அப்படியென்றால் தண்ணீர் நிறைந்த உருளைதான். பொய்லரை நிறுத்தி ஆறவிட்டு, உருளைக்குப் போகிற வால்வை மூடி, கீழே ஹோஸ் மாட்டி வடித்து, காற்று உள்ளே போனதும் வடிகாலை மூடிவிட்டுத் திரும்ப வால்வைத் திறந்து 12 பி.எஸ்.ஐ வரைக்கும் நிரப்ப வேண்டும். இரண்டு மாடிக்கு 12 போதும். ஒரு பி.எஸ்.ஐ தண்ணீரை ஏறக்குறைய 2.3 அடி உயர்த்தும், ஆகவே 12 இருந்தால் 27 அடிக்கு மேலே ஏறும். கைப்பழக்கம் இல்லாவிட்டால் ஒரு தொழில்நுட்பக்காரரைக் கூப்பிடுங்கள், இது சின்ன வேலை. வாறவர் ‘தானாகக் காற்றை வெளியேற்றும் வால்வு ஒன்று போடுவோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மாதிரி உருளை இருக்கிற இடத்தில் அது உருளைக்கு வேண்டிய காற்றையும் வெளியே விட்டுவிடும், கொஞ்சக் காலத்தில் பழையபடி சொட்டும்.

குழாய் அவ்வளவு மொத்தமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உங்கள் வீடு முதலில் நிலக்கரி பொய்லரில், பம்ப்பே இல்லாமல் ஓடியிருக்கும். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அது மேல்மாடிக்கே ஓடிவிடாமல் இருக்க, மேல் றேடியேற்றர் வால்வுக்குள் சின்ன ஓட்டைத் தகடு வைத்த வீடுகளும் இருக்கின்றன. பின்னாட்களில் பம்ப் பூட்டியபோது அந்தத் தகடு மேல்மாடிக்கு எதிராக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கீழ்மாடி வால்வுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் மேலே தண்ணீர் போகும். ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று ஆறுதலாகச் செய்யுங்கள்.

றேடியேற்றரைக் கழற்றச் சொன்னவரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம். அந்த இரும்புதான் வீட்டின் சொத்து.

கணக்குவாத்தி:
அளவுக்கு நான் வருகிறேன். முறையாகச் செய்தால் சிஎஸ்ஏ எஃப்280 என்கிற கனடியத் தரமுறைப்படி அறை அறையாக வெப்ப இழப்புக் கணிக்க வேண்டும், கொன்ட்ராக்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உங்கள் பில்லே பாதிக் கதையைச் சொல்கிறது. 700 கன மீற்றரில் சமையலுக்கும் குளிப்புக்கும் 50ஐக் கழித்தால் 650. ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 36,000 பி.டி.யு. பழைய பொய்லரில் அதில் முக்கால் பங்குதான் வீட்டுக்குள் வரும் என்று வைத்தால், மாதத்துக்கு 1.75 கோடி பி.டி.யு. ஜனவரியின் 744 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 23,600. அந்த மாதச் சராசரி வெளிவெப்பநிலை மைனஸ் 4 என்று எடுப்போம். சமையல், ஆட்களின் சூடு எல்லாம் சேர்ந்து வீடு கொஞ்சம் தானாகவே சூடாகும் என்பதால் 18 பாகையிலிருந்து எண்ணினால் வித்தியாசம் 22 பாகை. மைனஸ் 20 வந்தால் வித்தியாசம் 38. ஆகவே மிக மோசமான இரவில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது மணிக்கு 41,000 பி.டி.யு அளவு.

நீங்கள் வைத்திருப்பது 150,000! அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நின்று எரிவதில் புதினம் ஒன்றுமில்லை. பழைய தகட்டைப் பார்த்து அதே இலக்கத்தைத் திரும்ப எழுதுவது, அப்பாவின் சப்பாத்து அளவை வைத்து மகனுக்குச் சப்பாத்து வாங்குகிற மாதிரி.

இனி றேடியேற்றர்களை அளந்து பாருங்கள். உயரம், ஒரு துண்டில் எத்தனை தூண், மொத்தம் எத்தனை துண்டு. பழைய அட்டவணைகளில் அதற்குச் சதுர அடிக் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி வாருங்கள்.

பழையவீடு:
மகளும் நானும் இருந்து அளந்தோம். மொத்தம் 400 சதுர அடி வருகிறது.

கணக்குவாத்தி:
அருமை. தண்ணீர் சராசரி 77 பாகை செல்சியஸில் இருந்தால் ஒரு சதுர அடி மணிக்கு 150 பி.டி.யு தரும், இது பழைய நடைமுறைக் கணக்கு. அப்படியென்றால் உங்கள் இரும்பு 60,000 தரவல்லது, ஆனால் வீடு கேட்பது 41,000தான். மைனஸ் 20 அடிக்கிற இரவில்கூட 62 பாகைத் தண்ணீர் போதும். வெளியே பூச்சியம் பாகை என்றால் 44 பாகையே தாராளம்.

இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் புதிதாகப் போடப்போகிற கொண்டென்சிங் பொய்லர் என்பது புகையில் இருக்கிற நீராவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடிக்கிற சாமான். திரும்பி வருகிற தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80 பாகையில் வைத்து ஓட்டினால் பெட்டியில் 95 வீதம் என்று போட்டிருந்தாலும் 87 பக்கமாக இறங்கிவிடும். உங்கள் றேடியேற்றர்களோடு குளிர்காலத்தின் பெரும்பகுதி 55க்குக் கீழேயே ஓட்டலாம்.

டான்போர்த்வாசி:
எங்கள் வீடும் இதே மாதிரித்தான், மாற்றிவிட்டோம். கணக்குவாத்தி சொன்னதெல்லாம் ஒரு சின்ன வயரில் தங்கியிருக்கிறது. பொய்லரோடு ஒரு வெளிவெப்பநிலை சென்சர் வரும். குளிருக்கு ஏற்றபடி தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிக் குறைப்பது அதுதான். எங்களுக்குப் பூட்டியவர்கள் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, பொய்லரை 82 பாகையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். காசைக் கையில் கொடுக்கும் முன்னர் சென்சர் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அப்புறம் இராத்திரியில் தேர்மோஸ்ற்றாற்றைப் பெரிதாகக் குறைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். அந்தளவு இரும்பும் தண்ணீரும் திரும்பச் சூடேற நேரம் எடுக்கும், காலையில் பொய்லர் தலைதெறிக்க ஓட வேண்டிவரும்.

பழையவீடு:
கொம்பியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? இடம் மிச்சம் என்கிறார்கள்.

செப்புக்குழாய்:
கொம்பி கெட்ட சாமான் இல்லை. ஆனால் அதன் அளவு சுடுதண்ணீருக்காகத்தான் பெரிதாகிறது. ரொறன்ரோவில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 5 பாகைப் பக்கமாக வரும், அதை 40க்குக் கொண்டுபோக வேண்டும். 80,000 கொம்பியால் நிமிடத்துக்கு 9 லீற்றர்தான் தர முடியும், ஒரு ஷவரோடு சரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்க 150,000 வேண்டும். ஆனால் அது ஆகக் குறைந்தது 15,000 பி.டி.யுவில்தான் எரியும், ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் உங்கள் வீட்டுக்கு வேண்டியது 8,000 சொச்சம். திரும்பவும் நின்று நின்று எரிகிற கதைதான். 80,000 சூடாக்கும் பொய்லர் ஒன்றும், அதே பொய்லரின் சூட்டில் உள்ளே சுருள் குழாயால் தண்ணீரைக் காய்ச்சுகிற தாங்கி ஒன்றும் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். அது 8,000 வரை இறங்கி மெல்லமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

புகைபோக்கியை மறக்கவே கூடாது. புதிய பொய்லர் சுவரால் பிளாஸ்ரிக் குழாயில் மூச்சு விடும். பழைய தண்ணீர் ஹீற்றரை அப்படியே விட்டால், அது மட்டும் அந்தப் பெரிய செங்கல் புகைபோக்கியில் தனித்துப் போகும். சின்னச் சூட்டில் புகை மேலே ஏறாது. புகைபோக்கிக்குள் ஈரம் பிடித்துச் செங்கல் உடையும், காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். ஒன்றில் ஹீற்றரையும் அகற்றுங்கள், அல்லது புகைபோக்கிக்குள் சரியான அளவு உலோகக் குழாய் இறக்குங்கள். விலை குறைத்துக் கேட்கிறவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். வெளியே போகிற குழாயில் யுஎல்சி எஸ்636 (காஸ் புகைக்குழாய்க்கான கனடியத் தரம்) என்று அச்சடித்திருக்க வேண்டும், வீட்டுக் கழிவுநீர்க் குழாய் போட விடாதீர்கள்.

பழைய இரும்பிலிருந்து துருச் சேறு கட்டாயம் வரும். புதிய பொய்லரின் வழி ஒடுக்கம், காந்தம் வைத்த வடிகட்டி ஒன்று வேண்டும். புகையிலிருந்து பொய்லரில் வடிகிற தண்ணீர் அமிலம். சுண்ணாம்புக்கல் பெட்டி வழியாக விட்டுத்தான் வடிகாலுக்கு அனுப்ப வேண்டும். பழைய சீலிங் உருளையை அப்போது கழற்றி, ரப்பர் பை உள்ள புதிய தாங்கி போடுவார்கள். முன்னர் வேண்டாம் என்ற தானியங்கிக் காற்று வால்வு அதோடு தாராளமாகப் போகலாம்.

தவணைக்காரி:
வாடகைக்குத் தருகிறேன் என்றவரைப் பற்றிச் சொல்ல வந்தேன். என்னுடைய தங்கை வீட்டில் அப்படிக் கையெழுத்து வைத்து, விற்கப் போனபோதுதான் வீட்டுப் பத்திரத்தில் ஒரு கட்டு (வாடகைக் கம்பனி தன் உரிமையைப் பதிந்து வைப்பது) இருக்கிறது என்று தெரிந்தது. அதைக் கழற்ற நிறையக் காசு கேட்டார்கள். ஒன்ராறியோவில் 2018 மார்ச்சிலிருந்து ஃபேர்னஸ், தண்ணீர் ஹீற்றர் போன்றவற்றை அழைக்காமல் கதவைத் தட்டி வந்து ஒப்பந்தம் போடுவதற்குத் தடை. 2024இல் அப்படிப் பத்திரத்தில் நுகர்வோர் சாமானுக்காகக் கட்டுப் போடுவதையும் நிறுத்தினார்கள். சட்டம் வந்தாலும் வாடகைக் கணக்கு வாடகைக் கணக்குத்தான். மாதக் காசை வருடத்தால் பெருக்கிப் பாருங்கள் தம்பி, இரண்டு பொய்லர் வாங்கலாம். உங்கள் இப்போதைய தண்ணீர் ஹீற்றர் வாடகைதானா என்றும் பாருங்கள். அகற்றுவதற்குக் காசு கேட்பார்கள்.

பழையவீடு:
நன்றி அக்கா, ஹீற்றர் வாடகைதான், ஒப்பந்தத்தைத் தேடி எடுக்கிறேன். உருளையை வடித்தாயிற்று, சொட்டுவது நின்றுவிட்டது. இனி அவசரமில்லை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஹீற் பம்ப்பைப் பற்றியும் யோசிக்க நேரமிருக்கிறதா?

கணக்குவாத்தி:
காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீற் பம்ப் உங்கள் றேடியேற்றரோடு சேரும், ஆனால் 50, 55 பாகைக்கு மேலே போனால் அதற்குக் கஷ்டம். இப்போது உங்களுக்கு மோசமான இரவில் 62 வேண்டும். வெப்ப இழப்பைக் காற்பங்கு குறைத்தால் 31,000 ஆகும், 54 பாகை போதும். அற்றிக்கில் (கூரைக்குக் கீழுள்ள இடத்தில்) காப்புப் போட்டு, பேஸ்மென்ற் சுவரும் மரச்சட்டமும் சந்திக்கிற விளிம்பை அடைத்து, காற்றுக் கசிவை நிறுத்தினால் பழைய வீட்டில் காற்பங்கு குறைவது நடக்கக்கூடியதுதான். ஆகவே என் கருத்து: இந்தக் குளிருக்குப் பழைய பொய்லரோடு இருங்கள், காப்பு வேலையைச் செய்யுங்கள், வருகிற ஜனவரிப் பில்லை வைத்துத் திரும்பக் கணக்குப் போடுங்கள். அதன்பிறகு பம்ப்பா பொய்லரா என்று பார்க்கலாம். சிறிய பம்ப்பைப் போட்டு, கடுங்குளிருக்கு மட்டும் சிறிய பொய்லரை வைத்திருக்கிற வழியும் உண்டு.

செப்புக்குழாய்:
நானும் அதையே சொல்வேன். கோடையில் செய்தால் கொன்ட்ராக்டருக்கு ஆறுதலாக நேரமிருக்கும், விலையும் பேசலாம். குளிர் முடியும்வரை காபன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறதா என்று பாருங்கள், பழைய பொய்லரை ஒரு தடவை துப்புரவாக்குங்கள்.

ஒன்று மட்டும் இப்போதே செய்ய வேண்டும். பேஸ்மென்ற் குழாய்களைச் சுற்றி வெள்ளைத் துணி மாதிரிச் சுற்று இருந்தால் அது அஸ்பெஸ்ரஸாக (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருக்கலாம். அற்றிக்கில் சாம்பல் நிறத்தில், மினுமினுக்கிற சின்னக் கல் மாதிரிக் காப்பு கொட்டிக் கிடந்தால் அது வேர்மிகியூலைற், அதிலும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும். இரண்டையும் தொடவோ கூட்டவோ வேண்டாம். அற்றிக்குக்குள் காப்புக்காரரை ஏற்றுவதற்கு முன்னர் ஒரு மாதிரியை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துவிடுங்கள், அதை எடுப்பதற்கும் தெரிந்த ஆளையே கூப்பிடுங்கள்.