மூணரை மாசப் பையன் பாட்டில் பிடிக்க மாட்டேங்கறான்: பாட்டிலா, சங்கா?

ஓஎம்ஆர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு மூணரை மாசம், பொறந்ததுலேர்ந்து தாய்ப்பால் மட்டும்தான். எனக்கு கடைசில பிபி ஏறி டாக்டர் ரெஸ்ட் எடுக்க சொல்லிட்டாங்க, அதனால 26 வார லீவுல ஒரு பங்கு பிரசவத்துக்கு முன்னாடியே கரைஞ்சு போச்சு, அடுத்த மாசம் சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு போயே ஆகணும். பம்ப் பண்ணா பால் நல்லா வருது, பிரச்சினை அது இல்ல. பாட்டில் நிப்பிள் உதட்டுல பட்டா போதும், உடம்பை வில்லா வளைச்சு கத்தறான். வீட்டுக்காரர் வேற வேற கம்பெனி நிப்பிளா வாங்கி அடுக்கறாரு. மாமியார் "சங்குல ஊத்தினா குடிக்கப்போறான், எதுக்கு இந்த ரப்பரை வாயில திணிக்கற"ன்னு கேக்கறாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வார்டு_அக்கா:
உங்க மாமியார் சொல்றதுதான் சரி மா. நான் பிரசவ வார்டுல நர்ஸ். குறைமாசத்துல பொறந்து உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்கே நாங்க பாலாடைலதான், அதான் நீங்க சொல்ற சங்கு, அதுலதான் குடுக்கறோம், அதுங்களே குடிச்சு தேறி வீட்டுக்கு போகுதுங்க. பாட்டில்ல வளையம், நிப்பிள், மூடின்னு எத்தனை இடுக்கு, அத்தனையிலயும் பால் ஒட்டும். ஒருவேளை சரியா கழுவலன்னா வயித்தால போக ஆரம்பிச்சுரும். மே மாசம் லாரித் தண்ணியும் கேன் தண்ணியும் ஓடற ஊர்ல யாரு ஒவ்வொரு வேளையும் கொதிக்க வெச்சுட்டு உக்காந்திருப்பா? 1992லயே சட்டம் போட்டு பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கு கடிவாளம் போட்டாங்க, 2003ல அதை இன்னும் இறுக்கினாங்க. காரணம் இல்லாமலா?

வேளச்சேரி_வெயில்:
அக்கா, அந்த சட்டம் விளம்பரத்தைத்தான் தடுக்குது, பாட்டிலை இல்ல. கம்பெனிக்காரன் தாய்ப்பாலை ஓரங்கட்டி டப்பா பவுடர் விக்கக்கூடாதுன்னு வந்தது. இங்க பாட்டிலுக்குள்ள போறதே தாய்ப்பால்தானே? உரை மருந்துக்கு சங்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா காலைல கெளம்பி இருட்டினப்புறம் வீடு வர்ற அம்மாவோட குழந்தைக்கு மூணு நாலு வேளை, வேளைக்கு நூறு மில்லி பக்கம் சங்குல ஊத்தறதுன்னா பாதி கழுத்து வழியா பனியன்ல போகும். ஆபீஸ்ல மீட்டிங்குக்கு நடுவுல ஓடிப்போய் பம்ப் பண்ணவளுக்குத்தான் சிந்தற ஒவ்வொரு சொட்டும் வயித்தெரிச்சல்.

திருவல்லிக்கேணி_பாட்டி:
சிந்தறது ஊத்தறவங்க கையைப் பொறுத்தது கண்ணு. நான் என் பசங்களுக்கும் ஊத்தியிருக்கேன் பேரப்பிள்ளைக்கும் ஊத்தியிருக்கேன், ஒரு சொட்டு போகாது. காலை நீட்டி உக்காந்து, குழந்தையை கால்ல படுக்கவெச்சு, ரெண்டு கையையும் சேர்த்து புடிச்சுட்டு ஊத்தினா மடக் மடக்னு போயிரும். அஞ்சு நிமிஷ வேலை. பாட்டிலுக்கு பழகினா அப்புறம் மார்புல வாய் வெக்காது, தெரியும்ல?

வார்டு_அக்கா:
பாட்டிம்மா, நான் உங்க கட்சிதான், ஆனா படுக்கவெச்சு ஊத்தறது மட்டும் வேணவே வேணாம். கத்தறப்ப வாய்க்குள்ள ஊத்தினா புரை ஏறி நுரையீரலுக்கு போயிரும், அப்படி மூச்சு திணறி வந்த குழந்தையை நான் பாத்திருக்கேன். மடியில நல்லா நிமிர்த்தி உக்காரவெக்கணும், தலையையும் கழுத்தையும் ஒரு கையால தாங்கணும், பாலாடையோட மூக்கை கீழ் உதட்டுல வெச்சு பால் உதட்டைத் தொடற அளவுக்கு மட்டும் சாய்க்கணும். அப்புறம் அதுவே நாக்கை நீட்டி உறிஞ்சி எடுத்துக்கும். நாம ஊத்தக்கூடாது, அது குடிக்கணும்.

திருவல்லிக்கேணி_பாட்டி:
எங்க காலத்துல எந்த குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல மா.

வேளச்சேரி_வெயில்:
பாட்டி, ஆன குழந்தையோட கதையை யாரும் வெளியில சொல்லியிருக்க மாட்டாங்க. அப்புறம் அந்த "மார்புல வாய் வெக்காது" விஷயம். பொறந்த முதல் மூணு நாலு வாரம் வரைக்கும் பாட்டில் வேணாம்னு சொல்றதுல நியாயம் இருக்கு, அம்மாவுக்கும் பால் சீரா ஊறணும் குழந்தைக்கும் பிடிப்பு பழகணும். இவங்க பையன் அந்த கட்டம் எப்பவோ தாண்டிட்டான். உண்மையைச் சொன்னா இவங்க பிரச்சினை நேர் எதிர். கொஞ்சம் வளர்ந்ததும் உறிஞ்சறது அனிச்சையா நடக்கறது நின்னு அதுவா முடிவு பண்ற விஷயம் ஆயிருது, வேணாம்னா வேணாம்தான். அதனாலதான் மூணு மாசத்துக்கு மேல ஆரம்பிச்சா இவ்ளோ ரகளை.

பெரம்பூர்_அப்பா:
நான் ஒரு அப்பாவா சொல்றேன், எங்க வீட்ல பாட்டில் குடுத்தது முழுக்க நான்தான். முதல் விஷயம், ஓஎம்ஆர் சிஸ்டர், நீங்க குடுக்காதீங்க, அந்த ரூம்லயே இருக்காதீங்க, மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போயிருங்க, உங்க வாசனை வர்ற வரைக்கும் அவன் "ஒரிஜினல் இங்க இருக்கும்போது இது எதுக்கு"ன்னுதான் கத்துவான். ரெண்டாவது, நல்லா பசிச்சு அழறப்ப ஆரம்பிக்கவே கூடாது, தூங்கி எழுந்து சிரிச்சுட்டு இருக்கான் பாருங்க அந்த நேரம், அரைப்பசில. நிப்பிள்ல ரெண்டு சொட்டு பாலைத் தடவி உதட்டுல வெச்சு சும்மா விடுங்க, கடிக்கட்டும் துப்பட்டும் விளையாடட்டும், அழ ஆரம்பிச்சா உடனே எடுத்துட்டு மறுநாள் பாத்துக்கலாம், ஒரு தடவை தலையைப் புடிச்சு திணிச்சீங்கன்னா அந்த பாட்டிலைப் பாத்தாலே அலறும். இன்னொண்ணு, நிப்பிளை மாத்திட்டே இருக்காதீங்க, பால் மெதுவா வர்ற நிப்பிள் ஒண்ணை எடுத்து அதையே குடுங்க. உங்க மடியில படுக்கற மாதிரியே படுக்கவெச்சா அவன் தேடறது வேறயா இருக்கும், அதனால நெஞ்சுல முதுகு சாய்ச்சு வெளிப்பக்கம் பாக்க வெச்சு நடந்துட்டே குடுத்து பாக்கச் சொல்லுங்க. பிடிச்சுக்கிட்டா பாட்டிலை செங்குத்தா கவுக்காம படுக்கைவாட்டுல புடிக்கணும், நாலு முழுங்கு முழுங்கினதும் கொஞ்சம் இறக்கி மூச்சு வாங்க விடணும். பாட்டில்ல மிச்சம் இருக்கேன்னு கட்டாயப்படுத்தவே கூடாது. எங்க பொண்ணு அரைத்தூக்கத்துல இருக்கப்பதான் முதல்ல ஒழுங்கா குடிச்சா, அது ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

ஓஎம்ஆர்_அம்மா:
அண்ணா ரொம்ப தேங்க்ஸ், இவர் நான் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கப்பதான் குடுத்தாரு. ஒரு சந்தேகம், ஃப்ரீசர்ல வெச்ச பாலைத்தான் குடுக்கறோம், அது ஒரு சோப்பு வாசனை அடிக்குது. கெட்டுப்போச்சா?

வார்டு_அக்கா:
கெடல மா. சிலருக்கு பால்ல லைப்பேஸ்ங்கற நொதி தூக்கலா வேலை செய்யும், அது கொழுப்பை உடைக்கறதால வெக்க வெக்க சோப்பு வாடை வரும். குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஆனா சில குழந்தைங்க சுத்தமா தொடாது. உங்க பையன் கத்தறது நிப்பிளுக்கா இந்த வாடைக்கான்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க, ஃப்ரீசர்ல வெக்காம அப்பதான் பம்ப் பண்ண பாலை குடுத்து பாருங்க. அதை குடிச்சான்னா, இனிமே பம்ப் பண்ணதும் ஓரத்துல குமிழ் கட்டற வரைக்கும் லேசா சூடு காட்டி, கொதிக்க விடாம இறக்கி, ஆறவெச்சு ஃப்ரீசர்ல வைங்க. எடுக்கறப்ப வெந்நீர் கிண்ணத்துல வெச்சு சூடு பண்ணுங்க, மைக்ரோவேவ் கிட்டயே போகக்கூடாது, ஒரு இடம் கொதிக்கும் ஒரு இடம் ஜில்லுனு இருக்கும். குடிச்சு மிச்சம் வெச்சதை 2 மணி நேரத்துக்கு மேல வெக்காம கொட்டிருங்க.

வேளச்சேரி_வெயில்:
வெளிய வெக்கற நேரத்தையும் சொல்லிருங்க. புஸ்தகத்துல 4 மணி நேரம்னு போட்டிருக்கும், அது 25 டிகிரிக்கு. நம்ம ஊர்ல 25 டிகிரி மார்கழி விடியக்காலைலதான் கிடைக்கும். பம்ப் பண்ணதும் ஆபீஸ் ஃப்ரிட்ஜ், அங்கேர்ந்து ஐஸ் பேக் போட்ட பை, வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ்ல 4 நாள் தாங்கும்.

அரசுப்பள்ளி_டீச்சர்:
நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. லீவை இன்னும் ரெண்டு மாசம் நீட்டிச்சா இந்த பாட்டில், சங்கு ரெண்டும் தேவையே இல்லையே. ஆறு மாசத்துல சாதத்தை மசிச்சு ஊட்ட ஆரம்பிச்சிரலாம், பாலை நேரா சின்ன டம்ளர்ல பழக்கிரலாம்.

வேளச்சேரி_வெயில்:
டீச்சர், உங்களுக்கு 2021லேர்ந்து 12 மாசம் சம்பளத்தோட லீவு. தனியார்ல 26 வாரம், அதுலயும் ரெண்டு குழந்தை ஏற்கனவே இருந்தா 12 வாரம்தான். 2017ல சட்டத்தை திருத்தினப்ப 50 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல க்ரெச் வெக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய் பாக்கலாம்னு எழுதி வெச்சாங்க. அது எழுத்துல இருக்கு. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு ரூம் காட்டினாங்க, பழைய நாற்காலி அடுக்கி வெச்சிருந்தாங்க. தி.நகர்ல துணிக்கடையில நிக்கற பொண்ணுகிட்ட போய் லீவை நீட்டிக்க சொல்லிப் பாருங்க.

அரசுப்பள்ளி_டீச்சர்:
நான் ஓஎம்ஆர் அம்மாவைத்தான் கேட்டேன், துணிக்கடையை இல்ல.

ஓஎம்ஆர்_அம்மா:
கேட்டுப் பாத்துட்டேன் டீச்சர், சம்பளம் இல்லாம கூட ஒத்துக்கல. இப்ப என் யோசனை என்னன்னா, பகல்ல மாமியார்தான் பாத்துக்கப்போறாங்க, அவங்களுக்கு பாட்டிலே பிடிக்கல, அவங்க கைக்கு பாலாடைதான் வரும். அவங்களை அக்கா சொன்ன மாதிரி உக்காரவெச்சு குடுக்க சொல்றேன். வீட்டுக்காரர் நான் வர லேட் ஆகற அன்னிக்கு சாயங்காலம் பாட்டில் ட்ரை பண்ணட்டும். ரெண்டும் பழக்கினா குழம்பிருவானா?

வார்டு_அக்கா:
குழப்பம் எல்லாம் இல்ல, ஆனா பாட்டில் எதுக்குன்னுதான் நான் இப்பவும் கேப்பேன். பாலாடை குடிக்க தெரிஞ்ச குழந்தைக்கு அப்பாவும் பாலாடைலயே குடுக்கலாமே? ஒரே பாத்திரம், ஒரு தடவை கொதிக்கவெச்சா முடிஞ்சுது.

பெரம்பூர்_அப்பா:
அக்கா, மாமியாருக்கு ஒருநாள் கை வலிச்சா, ஊருக்கு போனா? நாளைக்கே க்ரெச்சுல விட வேண்டி வந்தா அங்க ஒரு ஆயாவுக்கு அஞ்சாறு குழந்தை, உக்காந்து பாலாடை புடிக்க அவங்களால முடியுமா? பாட்டிலும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொல்றேன்.

ஓஎம்ஆர்_அம்மா:
இன்னொரு பயம். ரெண்டையும் ஒழுங்கா குடிக்காம நான் வர்ற வரைக்கும் பட்டினியா கெடந்தா? அளவு எவ்ளோ போகணும்?

வார்டு_அக்கா:
இந்த வயசுல தாய்ப்பால் குழந்தை 24 மணி நேரத்துக்கு சுமார் 750 மில்லி குடிக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதை வேளைக்கு பிரிச்சுக்கங்க, 240 மில்லி பாட்டில் நிரம்பணும்னு யாரும் ஆசைப்பட வேணாம். பகல்ல கொறிச்சுட்டு ராத்திரி முழுக்க உங்ககிட்ட குடிச்சு ஈடுகட்டற குழந்தைங்க நெறைய உண்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்கு போறானா, எடை ஏறுதா, அதை மட்டும் பாருங்க. ஒண்ணுக்கு கொறைஞ்சு, மஞ்சளா போய், சோர்ந்து தூங்கிட்டே இருந்தா இங்க எழுதிட்டு இருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க. தண்ணியோ பசும்பாலோ யார் சொன்னாலும் குடுக்காதீங்க.

திருவல்லிக்கேணி_பாட்டி:
கொதிச்சு ஆறின வெந்நீர் ஒரு சங்கு கூடவா கூடாது? இந்த வெயில்ல நாக்கு வறளாதா?

வார்டு_அக்கா:
கூடாது பாட்டிம்மா. தாய்ப்பால்லயே முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், வெயிலுக்கு இன்னொரு தடவை பால் குடுத்தா போதும். தண்ணியில வயிறு ரொம்பினா பால் குடிக்காது.

வேளச்சேரி_வெயில்:
தண்ணி விஷயத்துல நான் நர்ஸ் அக்கா பக்கம். பாட்டில் விஷயத்துல இல்ல, அதை நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து பேசறேன், இப்ப என் வீட்ல ஒருத்தி முழிச்சுட்டா.