கடல் இல்லாத ஊரிலிருந்து பாய்மரப் படகு ஏறியவர்கள், வாங்க

செக்காலைக்காரன், காரைக்குடி

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது சாங்கியில் ஒரு படகு கிளப்பில் சேர்ந்தேன். டேக், ஜைப் என்று படகைத் திருப்புகிற முறைகள், முடிச்சு வகையெல்லாம் இங்கே வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். என்னை இன்னும் குடைவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

அடியில் கனம் வைத்த கீல் படகில் நான்கு பேர் இருந்தோம். சுக்கானில் ஒரு சீனப் பெரியவர். புலாவ் உபின் தீவுக்கு எதிரே காற்றே இல்லாமல் பாய் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கடையில் சாத்தே, அதுதான் குச்சியில் குத்திச் சுடுகிற இறைச்சி, நன்றாக இருக்கும் என்று அவர் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு நடுவில் தொப்பியைக் கழற்றினார், நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற இருவரும் சட்டென்று எழுந்து பெரிய பாயை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தால் மேற்கே கட்டடங்களுக்கு மேல் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. பின்கழுத்தில் சில்லென்று பட்டது. அடுத்த கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த தீவே தெரியவில்லை, அப்படி ஒரு மழையும் காற்றும். அதற்கு அங்கே 'சுமத்ரா' என்று பெயர். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியற்காலையிலோ முற்பகலிலோ வந்து அடித்துவிட்டுப் போகும்.

அதற்கப்புறம் நான் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் அதுகூட இல்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால், பால் பணியாரம் இலைக்கு வருவதற்குள் எந்த ஊர், எந்தக் கோயில், அப்பச்சி பேர் என்ன, பெண் எடுத்தது எங்கே என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தக் கிளப்பில் கேட்டதெல்லாம் 'அடுத்த வாரம் வருவாயா, கையுறை இருக்கிறதா' இரண்டுதான். ரொம்ப நாள் கழித்து நானே பொறுக்காமல் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டுகிறேன்" என்றார். நான் ஊர் திரும்பிவிட்டேன். அவருடைய முழுப்பெயர்கூடத் தெரியாது. அவ்வளவு பழகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு சமயம் தோன்றும், அதனால்தான் அவ்வளவு பழகினோமோ என்று இன்னொரு சமயம்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

கானாடுகாத்தான் மருமகள்

படகு ஓட்டுவது என் மகள். சென்னைத் துறைமுகத்துக்குள் போய்க் கற்றுக்கொள்கிறாள். ஆப்டிமிஸ்ட் என்று பிள்ளைகள் ஓட்டுகிற படகு, 2.3 மீட்டர்தான் நீளம், மூக்கு மழுங்கி இருக்கும். பதினைந்து வயது வரைக்கும் அதில் போட்டி உண்டு.

ஊரிலிருந்து அப்பத்தா வந்திருந்தார்கள். பேத்தி படகு ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மடியில் சீப்புச்சீடை டப்பாவோடு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. பார்த்து அன்றைக்கென்று கவிழ்க்கும் பயிற்சி. பயிற்சியாளர் கை காட்டியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படகைச் சாய்த்துத் தண்ணீருக்குள் போகிறார்கள். எங்கள் வீட்டுப் படகும் சாய்ந்தது. பாய் தண்ணீரில் படுத்துவிட்டது, பிள்ளையின் தலையைக் காணோம். அப்பத்தா எழுந்து நின்று "தண்ணிமலையானே!" என்று போட்ட சத்தத்தில் கிரேன் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பத்தாவின் அப்பச்சி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். கப்பல் என்றாலே அவர்களுக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன்தான்.

மகள் அந்தப் பக்கமாகத் தலையைத் தூக்கினாள். படகைச் சுற்றி நீந்தி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருந்த டாகர்போர்டுப் பலகையில் ஏறி மிதித்தாள், படகு நிமிர்ந்தது. உள்ளே ஏறி வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அப்பத்தா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "கவுக்கச் சொல்லிக் கொடுக்கவா காசு கட்டினீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. டப்பா அன்றைக்குப் பயிற்சியாளர் கைக்கும் மற்றப் பிள்ளைகள் கைக்கும் போய்க் காலியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் என்னிடம் முதன்முதலாகப் பேசியதும் அன்றைக்குத்தான், சீடை எப்படிச் செய்வது என்று.

தொண்டி ரோடு, தேவகோட்டை

சிங்கப்பூர், சென்னை என்று எழுதுகிறீர்கள். தேவகோட்டையில் பஸ் ஏறினால் திருவாடானை வழியாகத் தொண்டி ஒரு மணி நேரம். பொங்கல், கோயில் திருவிழா என்றால் அந்தக் கரை ஊர்களில் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். ஒரு படகுக்கு ஐந்தாறு பேர். யாரும் சந்தா கட்டுவதில்லை.

எனக்குத் தெரிந்த மீன்காரர் ஒருவர், போட்டிக்கு முன்னால் ஒத்திகை பார்க்கும்போது என்னை வத்தையில் ஏற்றிக்கொண்டார். நம் பாக் நீரிணைப் படகு அது. குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன் ஒரு முனையைக் காற்று வருகிற பக்கமாக வெளியே நீட்டியிருப்பார்கள். காற்று ஏற ஏற ஒருவர் அந்தப் பலகையில் நகர்ந்து நகர்ந்து வெளியே போனார். கடைசியில் அவருக்குக் கீழே படகே இல்லை, கடல்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவுகிறார். படகு திரும்பும்போது பலகையை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு மறுபடியும் அதே மாதிரி.

இன்னொருவர் வாளியில் கடல்தண்ணீரை மொண்டு மொண்டு பாயின் மேல் வீசிக்கொண்டே இருந்தார். பருத்தித் துணி நனைந்தால் நூல் ஊதி இடைவெளி அடைத்துக்கொள்ளும், காற்று ஒழுகாது. நான் முழுக்க நனைந்துவிட்டேன், அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கிளப் வைத்து, கோர்ஸ் வைத்து, சான்றிதழ் கொடுத்துக் கற்பதெல்லாம் சரி. ஆனால் பலகையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சான்றிதழ் யார் கொடுத்தது? அதைத்தான் கேட்கிறேன்.

கல்லல் முன்னாள் ராணுவம்

மேலே எழுதியவர்கள் மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என் அனுபவம். செகந்திராபாத்தில் ராணுவத்தின் பொறியியல் பிரிவான இ.எம்.இ.யில் இருந்தபோது ஹுசைன் சாகர் ஏரியில் லேசர் என்கிற ஒற்றை ஆள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றேன். ஒரு பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். புத்தர் சிலைக்குப் பின்பக்கம் வந்ததும் காற்று அப்படியே செத்துவிட்டது. நேற்று வந்த ஒரு பையன் சிலையைச் சற்று விலகிச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனான். அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அவ்வளவுதான்.

செக்காலைக்காரருக்கு. பெயர் தெரியாது என்று கதை சொல்வதில் அர்த்தமில்லை. ஒழுங்கான கிளப்பில் யார் யார் எந்தப் படகில் தண்ணீரில் இறங்குகிறார்கள், எப்போது கரையேறினார்கள் என்று எழுதி வைப்பார்கள். அந்த ஏட்டைப் புரட்டியிருந்தால் முழுப்பெயர் கிடைத்திருக்கும்.

தொண்டி ரோட்டுத் தம்பிக்கு. பலகையில் ஆள் உட்காருவதும் லேசரில் கால்பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்ப்பதும் ஒரே கணக்கு, அதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் வீசுவது பருத்திப் பாய்க்கு மட்டும். இப்போதைய பாலியஸ்டர் பாய்க்கு அது வேண்டாத கனம். கனம் உயரத்தில் ஏறினால் படகு சாயும். அப்புறம், மீனவர் பிள்ளை கடலிலேயே வளர்கிறது. கல்லலிலும் பள்ளத்தூரிலும் வளர்ந்தவனுக்குக் கோர்ஸ் வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் படகு ஓட்டிய நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் யாரும் காற்றைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர்கள் இல்லை. இந்தியாவிலிருந்து பாய்மரப் படகுக்குத் தகுதி பெற்ற முதல் பெண் நேத்ரா. 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் லேசர் ரேடியல் பிரிவில் இடம் பிடித்தார். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ஏறினால் மத்தியானத்துக்குள் சென்னை.

கற்க நினைக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய படகில் ஆரம்பிக்காதீர்கள். பெரிய படகு உங்கள் தப்பை மன்னித்துக்கொண்டே போகும், சின்ன டிங்கி உடனே தண்ணீரில் தள்ளும். ஊருணியில் படிக்குப் படி நீந்தினேன் என்பது கணக்கில் வராது. சட்டை கால்சட்டையோடு, கால் தரையில் படாத தண்ணீரில் நீந்திப் பாருங்கள். உடம்புக்குச் சரியான அளவில் மிதவைச் சட்டை, அதன் அடிப்பட்டையும் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் சட்டை காதுக்கு ஏறிவிடும். கண்ணாடி போட்டவர்கள் கயிறு கட்டுங்கள். பாயின் அடியில் இருக்கும் பூம் கட்டை வரும் பக்கம் தலை இருக்கக் கூடாது, காற்று பின்னால் இருக்க ஜைப் செய்து திரும்பும்போது அது சொல்லிக்கொண்டு வராது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி விட்டு வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கவிழ்ந்தால் மாஸ்டை, அதாவது பாய்மரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள், படகு தலைகீழாகிவிடும். கரை பக்கத்தில்தானே என்று படகை விட்டு நீந்தாதீர்கள். தேடி வருகிறவர் கண்ணுக்குப் படகு தெரியும், உங்கள் தலை தெரியாது. ஆச்சி, உங்கள் அப்பத்தாவுக்குப் பதில் இதுதான். கவிழ்ந்து எழத் தெரிந்த பிள்ளைதான் தனியே போகலாம், அதற்குத்தான் காசு.

நம் ஊர்க் கண்மாயிலேயே ஓட்டலாமே என்று ஒருவர் நேரில் கேட்டார். ஹுசைன் சாகர் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஏரி. நம் கண்மாயில் மழைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும்போது அடியில் சீமைக்கருவேல முள் இருக்கும், முள் தெரிகிறபோது தண்ணீர் இருக்காது.

பள்ளத்தூர் பெண், இப்போது மெல்போர்ன்

ராணுவ ஐயா, இவ்வளவையும் படித்தால் யாரும் கரையை விட்டு இறங்க மாட்டார்கள்.

எனக்குப் படகு ஆசை எல்லாம் இல்லை. வந்த புதிதில் பேச ஆள் இல்லை. இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், ராத்திரி எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் வேலை முடிந்து வந்து சாயங்காலப் பந்தயம் ஓட்டுவார்கள். படகுக்காரர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. அனுபவம் இல்லாவிட்டாலும் வா, சொன்ன பக்கம் போய் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். நம்மை ஏற்றிக்கொள்வது எடைக்குத்தான்!

பந்தயம் முடிந்து கிளப்பில் சாப்பாடு. நான் உருளைக்கிழங்கு சாலட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். படகில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவரவர் கூட்டத்தில். சரி, கிளம்பலாம் என்று நினைத்தபோது எழுபது வயசு இருக்கும் ஒரு அம்மா வந்தார், அறிமுகம் எதுவும் இல்லை, என் கையில் ஒரு துடைக்கிற துணியைக் கொடுத்து "நான் கழுவுகிறேன், நீ துடை" என்றார்.

நம் வீட்டு விசேஷத்தில் என்னை யாராவது பாத்திரம் தொட விட்டிருப்பார்களா? விருந்தாளி உட்கார வேண்டும், அதுதான் மரியாதை. இங்கே அந்தத் துணி கைக்கு வருகிற வரைக்கும் நான் விருந்தாளியாகத்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். தொட்டியில் கை நனைத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார், இரண்டு வாரமாக நான் காற்று வராத பக்கமே உட்காருகிறேனாம், யாராவது சொல்லுவார்கள் என்று பார்த்தாராம்.

செக்காலை அண்ணே, நீங்களும் அந்தப் பெரியவரோடு படகைக் கழுவியிருப்பீர்களே, அப்போது பேசவில்லையா? இங்கே ஊர்க்கதை எல்லாம் குழாய்த் தண்ணீர் ஓடும்போதுதான் வரும்.

செக்காலைக்காரன், காரைக்குடி

கழுவினோம் தங்கச்சி. உப்பு போகக் கழுவாமல் அவர் யாரையும் விட மாட்டார். அப்போதும் சாத்தே பற்றித்தான் பேசுவார்.

தொண்டி ரோடு, தேவகோட்டை

ராணுவ ஐயாவுக்கு. மிதவைச் சட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எங்கள் பக்கம் அது குறைவுதான், மாற வேண்டும். மற்றபடி, பாய் நனைந்தால் கனம் ஏறிப் படகு சாயும் என்கிறீர்களே, அதற்குத்தானே பலகையில் ஆள் இருக்கிறார். அடுத்த போட்டிக்குச் சொல்கிறேன், வந்து ஒரு ஓட்டம் உட்கார்ந்து பாருங்கள். வாளி உங்கள் கையில்.

கல்லல் முன்னாள் ராணுவம்

வருகிறேன். எந்தக் காற்றில் வைக்கிறார்கள், வாடையா கச்சானா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். பாய்த் துணி பருத்தியா பாலியஸ்டரா என்பதையும். என் மிதவைச் சட்டையை நானே கொண்டு வருவேன்.