அப்பாயியின் சாமிக்கல்

குழு: மேட்டூர் தாத்தா வகையறா

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 6:40): எல்லோருக்கும் வணக்கம். நாளை எங்கள் வரலாற்றுக் குழுவில் ஏழு பேர் ஏற்காடு வருகிறோம். மலைக் கிராமக் கோயில்களில் இருக்கும் பழைய கற்களைப் படமெடுத்துப் பதிவு செய்கிற வேலை. காலை டிபன் தம்பி வீட்டில் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஏற்காடு சித்தி: ஏழு பேரா மாமா? ஒரு வார்த்தை நேற்றே சொல்லியிருந்தால் மாவு அரைத்திருப்பேன். சரி, வாருங்கள். உப்புமாதான்.

அத்தை: அண்ணனுக்கு உப்புமா கூட வேண்டாம் அண்ணி. கல்லைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும் 😄

பெரியப்பா: சிரி, சிரி.

அத்தை வீட்டு மாமா (காலை 8:15): மச்சான், நல்ல நேரத்தில் வந்தீர்கள். சேலம் குகைப் பகுதியில் இருக்கும் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே இரும்புப் படிக்கல், பழைய கணக்கு நோட்டு, ஒரு கட்டு ஓலை. பழைய சாமான்காரர் மொத்தமாக 900 ரூபாய் தருகிறேன் என்கிறார். வாசலில் நிற்கிறார்.

அத்தை வீட்டு மாமா: (படம்)

பெரியப்பா: கொடுக்காதீர்கள்

பெரியப்பா: ஓலையைத் தொடாதீர்கள்

பெரியப்பா: அவரை அனுப்பிவிட்டீர்களா

அத்தை வீட்டு மாமா: அனுப்பிவிட்டேன். பெட்டியை மட்டும் கேட்டார், அதையும் கொடுக்கவில்லை. போதுமா?

பெரியப்பா: ரொம்ப நன்றி மாப்பிள்ளை. ஓலையை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், வெயிலில் போட வேண்டாம். அவசரப்பட்டுப் பிரித்தால் நொறுங்கிவிடும். எலுமிச்சைப்புல் தைலத்தை மெல்லத் தடவினால் ஓலை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். எழுத்து தெரியாவிட்டால் விளக்குக் கரியைத் தைலத்தில் குழைத்துப் பூசித் துடைப்பார்கள், கீறிய இடத்தில் மட்டும் கரி நிற்கும். இரண்டையுமே பழகின கைதான் செய்ய வேண்டும். அப்படியே வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள், திங்கட்கிழமை நான் வருகிறேன்.

அத்தை வீட்டு மாமா: படிக்கல்லில் ஏதோ எண் இருக்கிறது. பெரியது நன்றாகக் கனக்கிறது.

பெரியப்பா: வீசைக் கல்லாக இருக்கும். 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் 1 கிலோ 400 கிராம் பக்கம் வரும். எட்டு வீசை ஒரு மணங்கு. உங்கள் தாத்தா நூல் நிறுத்த கல்லாக இருக்கலாம். கணக்கு நோட்டில் நூல் விலை எழுதியிருக்கிறதா பாருங்கள். எனக்குப் படிக்கல்லைவிட அந்த நோட்டு பெரிது.

பெங்களூர் தம்பி: பெரியப்பா, நோட்டில் என்ன இருக்கப் போகிறது? கடன் பாக்கிதான் இருக்கும்.

பெரியப்பா: அதுதான் வேண்டும். ராஜாஜி 1917-இல் சேலம் முனிசிபாலிட்டி சேர்மன் ஆனார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வருஷம் குகையில் ஒரு நெசவாளி யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அத்தை வீட்டு மாமா: கடன் வாங்கினவர்கள் பேரெல்லாம் இருக்கிறது மச்சான். இரண்டு பேருடைய பேரன்கள் இப்போதும் நம் தெருதான். வெளியே காட்டினால் சண்டை வரும்.

அத்தை: வட்டியோடு வாங்கிவிடலாம் 😂

பாப்பு (காலை 9:02): பெரிய மாமா, இதையெல்லாம் மியூசியத்தில் கொடுத்தால் வாங்குவார்களா? போன மாதம் தோழிகளோடு போனோம். வெள்ளிக்கிழமை. பூட்டியிருந்தது. அங்கேயே தட்டுவடை செட்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை பாப்பு. நம் சேலத்தில் 1979-இலிருந்து இருக்கிறது. நீ காலேஜ் மூன்றாம் வருஷம், இப்போதுதான் முதல் தடவை போயிருக்கிறாய், அதுவும் வெள்ளிக்கிழமை.

பாப்பு: நீங்கள் கூட்டிக்கொண்டு போனதே இல்லையே.

பெரியப்பா: அதுவும் சரிதான். அடுத்த ஞாயிறு போகலாம். நடுகல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். கூட்டம் நேரே சிலைக்குப் போய்விடும், நடுகல்லிடம் நிற்காது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று ராஜா இல்லாத சாதாரண ஆளுக்கு ஊர் வைத்த கல் அது. சிலதில் பேரும் ஊரும் இருக்கும்.

பெங்களூர் தம்பி: போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தில் ஒருவர் கல்வெட்டின் மேல் பேப்பரை ஒட்டி அடித்துக்கொண்டிருந்தாரே, அது எதற்கு? போனில் எடுத்தால் ஆகாதா?

பெரியப்பா: அது மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்க வேண்டும். அப்புறம் மேலே மை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். தேய்ந்த எழுத்து போன் படத்தில் தெரியாது, தாளில் தெரியும். முதல் தடவை நான் செய்தபோது கல்லைவிட என் வேட்டியில்தான் மை நிறைய.

பெரியப்பா (காலை 9:40): தம்பி, இன்னொரு விஷயம். அம்மா பூஜை அறையில் பிள்ளையார் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் இருக்குமே, அதையும் நாளை கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஏற்காடு சித்தப்பா: அண்ணா, அதை ஏன் குரூப்பில் போட்டீர்கள்? பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் சத்தமாகப் படித்துவிட்டான்.

ஏற்காடு சித்தி: (குரல் பதிவு, 0:48)

ஏற்காடு சித்தி: கேட்க முடியாதவர்களுக்கு எழுதிவிடுகிறேன். என் அத்தை, உங்கள் அப்பாயி, சொல்வது: "கல்லை எவனும் தொடக் கூடாது. அது சாமி. பெரியவன் வரட்டும், டிபன் சாப்பிடட்டும், போகட்டும்."

நான்: அப்பாயி நல்ல ஃபார்மில் இருக்கிறார்கள்.

பாப்பு: அது என்ன கல்? அம்மாயி எனக்குக் காட்டியதே இல்லை.

ஏற்காடு சித்தப்பா: (படம்) தூரத்திலிருந்து எடுத்தேன். திட்டினால் என்னைத்தான் திட்டுவார்கள்.

பெரியப்பா: பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு முனை கூர், இன்னொரு முனை அகலமாகத் தட்டை, உடம்பு முழுக்க வழவழப்பு. ஆற்றுக் கல் இப்படி இருக்காது. இது கை தேய்த்த வழவழப்பு. புதிய கற்காலக் கல் கோடரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குறைந்தது மூவாயிரம் வருஷம். அகலமான பக்கம்தான் வெட்டுகிற வாய், கூர் முனை கட்டைப் பிடிக்குள் போகும்.

அத்தை வீட்டு மாமா: கோடரி எப்படி மச்சான் சாமி ஆனது?

பெரியப்பா: நம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை முழுக்க அப்படித்தான். காட்டைத் திருத்தும்போதும் உழும்போதும் கிடைக்கிற இந்தக் கற்களை மலைக் கிராமத்து மக்கள் கோயிலில் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார்கள். சில இடத்தில் குவியலாகவே இருக்கும். வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: ராபர்ட் புரூஸ் ஃபுட் என்று ஒருவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். இந்தியாவில் அவ்வளவு பழைய காலத்திலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு முதலில் கிடைத்த சாட்சி அந்தக் கல். நில ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்று பிற்பாடு நம் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தியை இங்கே கொண்டுவந்து ஹோலி டிரினிட்டி சர்ச்சில் வைத்தார்கள்.

ஏற்காடு சித்தப்பா: அந்தச் சர்ச்சைத் தாண்டித்தான் தினமும் மிளகு மூட்டை ஏற்றிப் போகிறேன். இது தெரியாதே.

பெரியப்பா: அவர் சேர்த்த கற்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ஆயிரக்கணக்கான கல். அவர் பெருமை கல்லில் இல்லை, எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதினாரே, அதில் இருக்கிறது. ஊர் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் அம்மிக் குழவித் துண்டு.

அத்தை: அண்ணா, பாடம் எடுத்தது போதும். அம்மா கல்லைக் கொடுக்க மாட்டார்கள். விடுங்கள்.

ஏற்காடு சித்தப்பா (காலை 10:20): எனக்கும் ஒரு சந்தேகம் அண்ணா. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் விஷயம் கோர்ட்டுக்குப் போனதே. 2022-இல் அது புத்தர் சிலைதான் என்று தீர்ப்பு வந்தது. பதிவு செய்கிறேன் என்று யாராவது வந்து, அப்புறம் இது சாமி இல்லை, கோடரி என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டால்? நிலத்தில் கிடைத்ததைக் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று வேறு சொல்கிறார்களே.

பெரியப்பா: கலெக்டரிடம் சொல்லச் சொல்வது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் எழுதித் தெரிவிக்க வேண்டும். 1987-இல் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்ததே, அந்த மாதிரிப் பானைக் காசுக்கு யோசித்த சட்டம்.

அத்தை வீட்டு மாமா: பத்து ரூபாய்க்கு ஒரு தட்டுவடை செட்டு கூட வராது மச்சான்.

பெரியப்பா: பெரியேரி வேறு. அது ஊர்ப் பொதுவில் இருந்த சிலை. தொல்லியல் துறை பார்த்து அறிக்கை கொடுத்து, கோர்ட் சொன்னது. நாங்கள் ஏழு பேரும் ரிட்டயர் ஆன வாத்தியாரும் பேங்க்காரரும். கல் அம்மாவிடமே இருக்கும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று படம், நீளம் அகலம் எடை, எங்கே கிடைத்தது, யார் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் எழுதுவோம்.

ஏற்காடு சித்தி: (குரல் பதிவு, 1:35)

ஏற்காடு சித்தி: மாமா, தப்பாக நினைக்காதீர்கள். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொடுத்துவிடுகிறேன் அம்மா என்று சொல்லித்தான் உங்கள் தாத்தா படத்தையும் வாங்கிக்கொண்டு போனான். மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் முங்கின நந்தி கூட வெளியே வருகிறது. என் மாமனார் படம் இன்னும் வரவில்லை."

பெங்களூர் தம்பி: எந்தப் படம்?

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நான்: பெரியப்பா ஏதோ போட்டு அழித்துவிட்டார்.

பெரியப்பா (காலை 11:05): சின்னவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். இந்தக் குரூப்புக்கு யார் பேரை வைத்திருக்கிறோமோ அந்தத் தாத்தா, மேட்டூர் அணை கட்டும்போது மேஸ்திரியாக இருந்தார். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த வேலை. ஜல்லிக் குவியல் மேல் தலைப்பாகையோடு ஒன்பது பேர் நிற்கிற படம். அவருக்கு அது ஒன்றுதான் படம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சிக்கு வேண்டும் என்று கேட்டார்கள். நான்தான் அம்மாவிடம் வாங்கிக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. நகல் எடுக்கவில்லை. கண்காட்சி முடிந்து கேட்கப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். மூன்று மாதம் அலைந்தேன். கிடைக்கவில்லை.

பெரியப்பா: அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறார்கள்.

அத்தை: விடுங்கள் அண்ணா.

அத்தை வீட்டு மாமா: 🙏

நான்: அப்பாயியிடம் தாத்தா எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டு எழுதி வைத்திருக்கிறோமா?

பெரியப்பா: இல்லை.

பாப்பு: நாளை நானும் வருகிறேன். உங்கள் காரில் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பஸ். இருபது வளைவும் எனக்கு வாந்திதான், பரவாயில்லை.

பெரியப்பா: முன் சீட்டு உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை

ஏற்காடு சித்தப்பா (காலை 10:50): நேரடி ஒளிபரப்பு. ஏழு பேரும் வந்தாயிற்று, உப்புமா முடிந்தது. அண்ணன் பூஜை அறைப் பக்கம் திரும்பவே இல்லை. பாப்புதான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மேட்டூர் தாத்தாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏற்காடு சித்தி: இடது காதில் மட்டும் கடுக்கன். வலது காதுக் கடுக்கனை அணை வேலைக்குப் போன முதல் மாதம் சாப்பாட்டுக்கு விற்றுவிட்டாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்கே தெரியாது.

அத்தை: எனக்கும் தெரியாது அண்ணி.

பாப்பு (காலை 11:30): எழுதிவிட்டேன், நான்கு பக்கம். அப்புறம் நான் கேட்காமலேயே அம்மாயி கல்லைப் பற்றியும் சொன்னார்கள். மாமனார் மேட்டூர் வேலை முடிந்து இந்த மலைக்கு வந்து காபி எஸ்டேட்டில் சேர்ந்தாராம். செடி வைக்கக் குழி வெட்டும்போது மண்வெட்டியில் "ணங்" என்று பட்டதாம். கூட இருந்த மலைக்காரப் பெரியவர்தான், இது இடி இறங்கிய கல், வீட்டில் வைத்தால் இடி விழாது என்று சொன்னாராம். எந்தச் சரிவு, எந்த ஓடைக்கு மேலே என்று எல்லாம் சொல்கிறார்கள். மாமனார் கூட்டிப்போய்க் காட்டிய இடமாம்.

பெரியப்பா: அந்த ஓடை எனக்குத் தெரியும்! சாப்பிட்டதும் போகிறோம்.

பெங்களூர் தம்பி: இடி விழுந்ததா இல்லையா?

ஏற்காடு சித்தப்பா: வீட்டில் விழவில்லை. டிவியில் இரண்டு தடவை.

ஏற்காடு சித்தி (மதியம் 12:10): நம்ப மாட்டீர்கள். அத்தையே கல்லை எடுத்துச் சந்தனத்தைக் கழுவி, துடைத்து, மனைப்பலகையில் வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்தபடி ஒரு படம், இல்லாமல் இரண்டு படம். ஸ்கேலை மட்டும் கல்லில் படாமல் தள்ளி வைக்கச் சொன்னார்கள். எடை போட விடவில்லை, சாமியைத் தராசில் வைக்கக் கூடாதாம்.

பெரியப்பா: நீளம் 14 சென்டிமீட்டர். எடை வேண்டாம்.

அத்தை வீட்டு மாமா: குகை வீட்டு வீசைக் கல் சும்மாதான் இருக்கிறது மச்சான், கொண்டுவரட்டுமா?

அத்தை: ஏங்க, சும்மா இருங்கள்.

ஏற்காடு சித்தப்பா (மதியம் 12:45): எல்லாம் முடிந்து கிளம்பினார்கள். வாசலில் அம்மா மறித்து, ரசீது எங்கே என்று கேட்டார்கள். கல்லைத்தான் எடுக்கவில்லையே என்றார் அண்ணன். படம் எடுத்தாயே, அதற்கு, என்கிறார்கள்.

பாப்பு: (படம்)

பாப்பு: பெரிய மாமா கையெழுத்து. "படம் 3. கல் அம்மாவிடம் இருக்கிறது." தேதி போட்டு, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாயி அதை மடித்துக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.