300பி வால்வு ஆம்ப்: வால்யூமை முழுக்கத் திறந்தும் சத்தம் போதவில்லை

பழைய_ரேடியோ:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துச் செய்த 300பி சிங்கிள் எண்டட் (சேனலுக்கு ஒரே வால்வே ஸ்பீக்கரை ஓட்டும்) ஆம்ப் ஒருவழியாகப் பாடுகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் இருக்கிறது. வால்யூம் முழுக்கத் திறந்தாலும் சத்தம் உடையவில்லை, கரகரக்கவில்லை. ஏறவேயில்லை, அவ்வளவுதான்.

300பிக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கித் தரும் டிரைவர் ஒரே ஒரு 6எஸ்என்7, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. ஒரு பாதி இடது சேனலுக்கு, மறுபாதி வலதுக்கு. ரெசிஸ்டர்கள்: பிளேட்டில் (சிக்னல் வெளியே வரும் முனை) 47கே (கிலோ ஓம்), கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1.5கே, அடுத்த கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) 220கே. டிரைவருக்கு 350 வோல்ட் போகிறது. 300பி கேத்தோடில் 1கே, அதன் மேல் 68 வோல்ட் விழுகிறது. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 330. சிடி பிளேயரிலிருந்து நேராகக் கொடுக்கிறேன். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) 88 டெசிபெல்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மட்டம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

கொம்பு_ஸ்பீக்கர்:
88 டெசிபெல் ஸ்பீக்கரை 300பியில் மாட்டினால் இப்படித்தான். 95க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

சால்டர்_புகை:
கொம்பு சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நோய் அங்கே இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கும் இப்போது காசு போடாதீர்கள்.

பழைய_ரேடியோ, பின்பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 300பியின் பயாஸ், அதாவது கேத்தோடைவிட கிரிட் தாழ்ந்து நிற்கும் அளவு, 68 வோல்ட். அப்படியென்றால் அதை முழுக்க ஆட்ட கிரிட்டில் உச்சத்துக்கு 68 வோல்ட் வேண்டும், ஆர்எம்எஸ் (மீட்டர் காட்டும் ஏசி அளவு) கணக்கில் 48. சிடி பிளேயர் அதிகபட்சம் தருவது 2 வோல்ட். ஆக டிரைவரின் கெயின் (பெருக்கும் மடங்கு) 24 இருக்க வேண்டும். 6எஸ்என்7இன் மியூவே, அதாவது அந்த வால்வால் முடிந்த உச்சக் கெயினே, 20தான்! என்ன ரெசிஸ்டர் போட்டாலும் ஒரே ஸ்டேஜில் (பெருக்கும் படியில்) இந்த வால்வு அங்கே போய்ச் சேராது.

1930களில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த 91ஏ ஆம்ப்பில் ஒரு 300ஏவுக்கு (300பியின் அண்ணன்) முன்னால் 310ஏ பென்டோடு (ஐந்து முனை வால்வு) இரண்டு நிற்கும். இந்தக் குடும்பத்து வால்வுகளுக்குத் தீனி அதிகம்.

உங்கள் அளவுகளுக்கு எனக்கு 16 கெயின் வருகிறது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுகூட இல்லைபோல. 6எஸ்என்7 கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இருக்கிறதா? 400 ஹெர்ட்ஸ் முழு அளவு சைன் டோன் ஒன்றை ஓடவிட்டு 300பி கிரிட்டில் ஏசி வோல்ட் அளந்து சொல்லுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 400. ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, விளையாட்டில்லை.

பழைய_ரேடியோ:
அளந்தேன் அண்ணா. 19.5 வோல்ட். கெப்பாசிட்டர் இல்லை. போடாவிட்டால் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று எங்கோ படித்து விட்டுவிட்டேன்.

சால்டர்_புகை:
படித்தது பொய்யில்லை. அது இல்லாவிட்டால் 1.5கே உள்ளூர் ஃபீட்பேக்காக (வெளியே போவதில் கொஞ்சம் திரும்பி வந்து உள்ளே வருவதைக் குறைப்பது) வேலை செய்து டிஸ்டார்ஷனைக் குறைக்கும், கூடவே கெயினையும் தின்றுவிடும். 16 இருந்த இடத்தில் 10 ஆகிவிடும். 2 வோல்ட்டுக்கு 20 வோல்ட், உங்கள் மீட்டரும் அதையேதான் சொல்கிறது. 8 வாட் தர வேண்டிய ஆம்ப் ஒன்றேகால் வாட்டில் நிற்கிறது.

100 மைக்ரோ, 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே வையுங்கள். 32 வோல்ட் கிடைக்கும், சுமார் மூன்றரை வாட். மீதிக்கு இன்னொரு ஸ்டேஜ்தான் வழி.

கொம்பு_ஸ்பீக்கர்:
12ஏஎக்ஸ்7 வால்வு போட்டால் ஒரே ஸ்டேஜில் முடியாதா? மியூ 100 ஆயிற்றே.

சால்டர்_புகை:
கெயின் கிடைக்கும், தெம்பு கிடைக்காது. அது ஓடுவதே 1 மில்லி ஆம்பியர் பக்கத்தில். 70 வோல்ட் ஆட்டும்போது 100கே பிளேட் ரெசிஸ்டரும் 220கே கிரிட் ரெசிஸ்டரும் சேர்ந்தே அந்த 1 மில்லியைக் கேட்டுவிடும். அதற்கு மேல் 300பியின் மில்லர் கெப்பாசிட்டன்ஸ் (கெயினால் பெரிதாகிக் கிரிட்டில் தெரியும் உள் கெப்பாசிட்டன்ஸ்) வேறு, உயர் ஸ்வரங்களில் கூடுதல் கரண்ட் கேட்கும். நான் ஒருமுறை செய்து பார்த்துக் கழற்றிவிட்டேன்.

6எஸ்என்7ஐயே இன்னொன்று சேர்ப்பது நல்லது. சேனலுக்கு ஒரு வால்வு, அதன் இரண்டு பாதியும் வரிசையாக. முதல் பாதியில் கேத்தோடு கெப்பாசிட்டர் வேண்டாம், இரண்டாவதில் மட்டும். 10 பெருக்கல் 16, 160. கூடுதல் வால்வுக்கு ஹீட்டரில் இன்னும் 0.6 ஆம்பியர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

பழைய_ரேடியோ (இரண்டு வாரம் கழித்து):
கெப்பாசிட்டர் மட்டும் போட்டபோது 31 வோல்ட் வந்தது, கணக்கு அச்சு அசல். அப்புறம் இரண்டாவது 6எஸ்என்7ஐயும் போட்டேன். சத்தம் இப்போது தாராளம். ஆனால் பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கர் கோன் உள்ளே வெளியே போய்வந்து புட் புட் என்று படகு மோட்டார் மாதிரி அடிக்கிறது.

சால்டர்_புகை:
இரண்டு ஸ்டேஜுக்கும் ஒரே 350 வோல்ட் புள்ளியிலிருந்து எடுத்திருப்பீர்கள். பின்னால் நடக்கும் அசைவு சப்ளை வழியாக முதல் ஸ்டேஜுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சேனலின் முதல் ஸ்டேஜுக்கும் தனியாக 22கே ரெசிஸ்டரும், அதன் கடைசியிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோ, 450 வோல்ட் கெப்பாசிட்டரும் போடுங்கள். அங்கே வோல்டேஜ் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. முதல் ஸ்டேஜ் ஆட்ட வேண்டியது சில வோல்ட்தான்.

பழைய_ரேடியோ:
புட் புட் நின்றுவிட்டது! 300பி கிரிட்டில் 48 வோல்ட் சுலபமாக வருகிறது. இப்போது வால்யூம் குமிழ் ஒன்பது மணியைத் தாண்டினாலே வீட்டில் திட்டு விழுகிறது.

சால்டர்_புகை:
உங்கள் வால்யூம் குமிழின் ரெசிஸ்டன்ஸ் 100கேதானே? அதற்கு முன்னால் வரிசையில் ஒரு 100கே ரெசிஸ்டர் வையுங்கள், சிக்னல் பாதியாகும். குமிழ் பதினொரு மணி வரை வரும். திட்டுக்கு என்னிடம் சர்க்யூட் இல்லை.