கியர் சோலினாய்டை வீட்டிலேயே மாற்றலாமா? யாங்கூனிலிருந்து கேட்கிறேன்

அண்ணன்மார்களே, வண்டி வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆட்டோ கியர் கார். (இங்கே ஓட்டுவதும் வலப்பக்கம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அது தனிக் கொடுமை.) போன வாரம் தன்லின் பாலத்தில் மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொண்டது. ஸ்கேனரில் P0758 என்ற கோளாறு எண், அதாவது பி (B) சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. (சோலினாய்டு என்றால் கியர் மாற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு. இதில் ஏ, பி என்று இரண்டு.) ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.

நேற்று வாசலில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, ஆயிலை வடித்து கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினேன். ஆயில் கறுத்திருந்தாலும் தீய்ந்த வாடை இல்லை. தட்டிலிருக்கும் காந்தத்தில் மை போல மெல்லிய தூள்தான், உலோகச் சில்லு ஒன்றுகூட இல்லை. வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் ஏ சோலினாய்டு 13 ஓம் காட்டுகிறது, பி-யில் முள்ளே அசையவில்லை. காயில் அறுந்துவிட்டது, சரிதானே?

பி-யை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ஏ-யையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? பழைய கியர்பாக்ஸிலிருந்து கழற்றியதை வாங்கலாமா? சோலினாய்டைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? அலுமினியம், மரை போய்விடுமோ என்று பயம். சீக்கிரம் சொல்லுங்கள், மழைக்காலம். அடிப்பக்கம் திறந்து கிடக்கிறது, பிளாஸ்டிக் தாளைக் கட்டி வைத்திருக்கிறேன்.